கூரையில் சூரியத் தகடு போடுமுன்: சிங்கப்பூர்த் தரைவீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வரிசை வீட்டுக் கூரையில் 16 தகடுகளை ஏற்றும் வேலை மூன்றே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தகடுகளிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வீட்டுக்குள் வர ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. நடுவில் டிசம்பர் மழையில் மாடியறைக் கூரை ஒழுகியது. இத்தனைக்கும் நான் மூன்று பேரிடம் விலை கேட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து தகடுகளின் வகைகளையும் திறனையும் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். எந்தத் தாளை யார், எப்போது அனுப்ப வேண்டும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் படிக்கவில்லை. அடுத்து போடப்போகிறவர்களுக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. முதலில், உங்கள் கூரை உங்களுடையதா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் தனியாகத் தகடு போட முடியாது. கூரை உங்கள் கையில் இல்லை. அங்கே போடுவதற்கு அரசாங்கத்தின் சோலார்நோவா திட்டம் இருக்கிறது. கூட்டுரிமை வீடுகளுக்கும் இதே கதைதான். தரைவீடு என்றாலும் பொதுவளாகத்துக்குள் இருக்கும் வீடாக இருந்தால், கூரை பொதுச் சொத்தாக இருக்கக்கூடும். நிர்வாகக் கழகத்தின் எழுத்துமூல அனுமதி கைக்கு வராமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாதுகாக்கப்படும் பழைய கட்டடப் பகுதிகளில் வீடு இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிமுறைகள் குறுக்கே வரும். தகடு தெருவிலிருந்து தெரியுமா தெரியாதா என்பதுகூட அங்கே முக்கியம். முதலில் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமியார் பெயரும் இருக்கிறது. இது தெரியாமல் நான் மட்டும் கையெழுத்துப் போட்டு, பிறகு எல்லாத் தாளையும் மறுபடி செய்தோம். ஒரு வாரம் போனது.

2. கூரையைப் பாருங்கள், நிதானமாகப் பாருங்கள்

தகடு 25 ஆண்டு இருக்கும். கீழே இருக்கும் கூரை அத்தனை ஆண்டு தாங்குமா? ஓடு மாற்ற வேண்டிய வயதில் இருந்தால், முதலில் கூரையைச் செய்யுங்கள். தகடு போட்ட பிறகு கூரை வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

ஓட்டுக்கூரையில் ஓடுகளை நகர்த்தி, அடியில் இருக்கும் மரச்சட்டத்தில் கொக்கி அடிப்பார்கள். அந்தச் சட்டம் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோகக் கூரையில் மடிப்பு எழும்பி நிற்கும் வகை என்றால் துளையே போடாமல் கவ்வி மாட்டலாம். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. தட்டையான காங்கிரீட் கூரை என்றால் நீர்க்காப்புப் படலத்தைத் துளைக்காமல் எடைக்கல் வைத்து நிறுத்துவார்கள். அப்போது எடை கூடும். எந்தக் கூரையானாலும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்வது நல்லது. தாங்காது என்று வந்தால் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குக் கட்டமைப்பு வரைபடம் அனுப்ப வேண்டியிருக்கும். “பார்த்தாலே தெரியுது, தாங்கும்” என்று வாய்ச்சொல்லாகச் சொல்பவரிடம், அதையே பொறியாளர் கையெழுத்தோடு தாளில் கேளுங்கள்.

அப்புறம் நிழல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கில் இருப்பதால் கிழக்கு, மேற்கு எந்தப் பக்கச் சரிவு என்பது அவ்வளவு பெரிய வித்தியாசம் தராது. நிழல்தான் வித்தியாசம் தரும். காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று வேளையும் கூரையைப் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். தெரு மரத்தை நீங்கள் வெட்ட முடியாது. பக்கத்து வீட்டை இடித்து மூன்று மாடியாகக் கட்டப்போகிறார்களா என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குத் தகடு போட்ட மறுவருடமே அப்படி நடந்தது. பிற்பகல் வெயில் பாதி போய்விட்டது.

3. எத்தனை தகடு? பில்லை வைத்து முடிவு செய்யுங்கள்

கடந்த 12 மாத மின்கட்டண பில்களை எடுத்து, மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். இங்கே ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும், மாதத்துக்கு 100 யூனிட் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். எங்கள் தகடு ஒவ்வொன்றும் 440 வாட். 16 தகடு சேர்ந்து 7.04 கிலோவாட், மாதம் 700 யூனிட்டை ஒட்டி வருகிறது. மழை மாதங்களில் குறையும், பிப்ரவரி, மார்ச்சில் கூடும்.

இதற்கு மேல் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். எனக்கு வந்த மூன்று மதிப்பீடுகளில் ஒன்று கிலோவாட்டுக்கு 1,500 யூனிட் என்று போட்டிருந்தது. நம் ஊர் வானத்தில் மேகம் அதிகம். தகடு சூடாக ஆக உற்பத்தியும் குறையும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் காற்றோட்டம் விடச் சொல்வது அதனால்தான்.

பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியையும் திறந்து படம் எடுங்கள். ஒருமுனை இணைப்பா, மும்முனை இணைப்பா, பிரதான பிரேக்கர் எத்தனை ஆம்பியர் என்பதைப் பொறுத்துத்தான் இன்வெர்ட்டர் (தகடு தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவி) வகை அமையும். பழைய பெட்டி என்றால் மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவை முதலிலேயே கேட்டுவிடுங்கள், கடைசி நாளில் கேட்டால் உங்களுக்கு வேறு வழியே இருக்காது.

4. மிச்ச மின்சாரத்துக்கு என்ன கிடைக்கும்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் பாதிக்கு மேல் மின்சாரம் வெளியே, பொது மின்கம்பிக் கட்டமைப்புக்குப் போகும். நீங்கள் அந்தக் கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்குபவர் என்றால், வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அப்போதைய கட்டணத்திலிருந்து மின்கம்பிக் கட்டமைப்புக்கான பங்கைக் கழித்துவிட்டு மீதியைப் பில்லில் வரவு வைப்பார்கள். 2024, 2025ஆம் ஆண்டுகளில் கட்டணம், பொருள் சேவை வரி சேர்க்காமல், 27 காசுக்கும் 30 காசுக்கும் இடையில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். வெளியே அனுப்பியதற்குக் கிடைப்பது 20 காசை ஒட்டி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்கள் வேறு சில்லறை நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டு வாங்குபவர் என்றால், வரவு மொத்தச் சந்தை விலையில் வரும். அது அரைமணிக்கு ஒருமுறை மாறும் விலை. ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். நடுவில் முறித்தால் என்ன அபராதம் என்று பாருங்கள். அதற்கேற்பத் தகடு வேலையைத் தொடங்குங்கள்.

எங்கள் கணக்கு: மாதம் 700 யூனிட்டில் 280 யூனிட் நாங்களே பயன்படுத்துகிறோம். வரி சேர்த்து யூனிட்டுக்கு 30 காசு என்று 84 வெள்ளி மிச்சம். மீதி 420 யூனிட்டுக்கு 20 காசு வீதம் இன்னொரு 84 வெள்ளி. மொத்தம் 168 வெள்ளி, ஆண்டுக்கு 2,000 வெள்ளியை ஒட்டி. துணி துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் சூடாக்கியையும் பகலுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் உள்ளேயே செலவாகும் யூனிட்டின் மதிப்பு வெளியே போகும் யூனிட்டை விட அதிகம்.

மின்கலம் வாங்கச் சொல்வார்கள். நான் வாங்கவில்லை. இங்கே மின்தடை அபூர்வம், வெளியே அனுப்பினாலும் நல்ல விலை கிடைக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மின்கலம் இல்லாமல், தெருவில் மின்சாரம் போனால் உங்கள் தகடும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்று இன்வெர்ட்டரை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

5. விலை கேட்கும்போது

குறைந்தது மூன்று குத்தகையாளர்களிடம் கேளுங்கள். கூரைக்கு ஏறிப் பார்க்காமல், வரைபடத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். எனக்கு வந்தவை, வரிக்கு முன், 11,200 வெள்ளி, 12,600 வெள்ளி, 14,900 வெள்ளி. மலிவானதை வரிவரியாகப் படித்தபோது அதில் சாரம், பொறியாளர் கட்டணம், மின்பணியாளர் விண்ணப்பக் கட்டணம், பறவை வலை எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் நடுவிலுள்ள விலையைத் தாண்டியது. நான் எடுத்தது 12,600. 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 13,734 வெள்ளி. மேலே சொன்ன கணக்குப்படி போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய ஏழு ஆண்டு.

நிறுவனத்தின் பதிவு எண்ணை, நிறுவனப் பதிவுக்கான அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் போட்டுப் பாருங்கள், நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். உத்தரவாதத்தை நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: தகடு, தகட்டின் உற்பத்தித் திறன், இன்வெர்ட்டர், வேலைத்தரம். “25 வருட வாரண்டி” என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உற்பத்தித் திறனுக்கானது. கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பது வேலைத்தரத்தில் வரும், அது ஓராண்டாகக்கூட இருக்கலாம். நான் இதைப் பிரித்துக் கேட்கவில்லை.

பணமே போடாமல் வாடகை முறையில் தகடு வைத்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் நீளமானது, வீட்டை விற்றால் என்ன ஆகும் என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

6. ஒப்பந்தம்: பணத்தைத் தாளோடு கட்டுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் முழுக் கட்டுரையும்.

என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் 50 விழுக்காடு, தகடு வாசலுக்கு வந்ததும் 40, “பொருத்தி முடித்ததும்” 10 என்று இருந்தது. பார்க்க நியாயமாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் மாலை தகடு பொருத்தி முடிந்தது, மீதிப் பத்தையும் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு என்னிடமிருந்து வர வேண்டியது எதுவும் இல்லை. என் தொலைபேசிக்குப் பதில் வரும் வேகமும் அன்றிலிருந்து குறைந்தது.

வீட்டுச் சூரிய மின்சாரத்தைக் கட்டமைப்போடு இணைக்க, எல்இடபிள்யு எனப்படும் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்களோ விற்பனையாளரோ செய்ய முடியாது. எங்கள் நிறுவனத்தில் அந்த ஆள் நடுவில் மாறிவிட்டார். செப்டம்பர் நடுவில் தகடு ஏறியது. விண்ணப்பம் நவம்பர் வரை போகவே இல்லை என்பது, நான் பத்தாவது முறை கேட்டபோதுதான் தெரிந்தது. வெயிலில் பளபளவென்று 16 தகடு, கீழே முழுப் பில். ஜனவரித் தொடக்கத்தில்தான் இயங்கத் தொடங்கியது.

ஆகவே இப்படி எழுதச் சொல்லுங்கள்: முன்பணம் 10 முதல் 20 விழுக்காடு. பொருள் வந்ததும் 40. பொருத்தி முடித்துச் சோதித்ததும் இன்னொரு பங்கு. கடைசி 20 விழுக்காடாவது, மின்சாரம் இயங்கத் தொடங்கி, போகும் வரும் இரண்டையும் அளக்கும் மீட்டர் கணக்கில் ஏறி, பில்லில் வரவும் வந்து, எல்லாத் தாளும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான். இதற்கு ஒத்துக்கொள்ளாத குத்தகையாளரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வேன், இன்று எனக்குத் தெரிந்ததை வைத்து.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மின்பணியாளரின் பெயரும் உரிம எண்ணும் (எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிச் சரிபாருங்கள்), விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி, தகடு, இன்வெர்ட்டர் இரண்டின் சரியான மாடல் எண், உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு, ஒழுகலுக்கு எத்தனை ஆண்டு. “அல்லது அதற்கு இணையான” என்ற சொல் மாடல் எண்ணுக்குப் பின்னால் இருந்தால் அடித்துவிட்டு இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் நீங்களே பதியலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வீட்டுத் தகடு வேலை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும், அது நமக்கு ஒரு பலம்.

7. வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் இருங்கள்

முடிந்தால் விடுப்பு எடுங்கள். எங்கள் கூரையில் ஏறியவர்களில் இரண்டு பேர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிகள். முதல் நாள் காலை தேநீர் கொடுக்கும்போது அவர்களில் ஒருவர் ஓர் ஓட்டைக் கையில் எடுத்து வந்து காட்டினார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் அதைத் திருப்பி, விரல் நகத்தால் ஒரு கோட்டின் மேல் தண்ணீரைத் தடவினார். மயிரிழை போல ஒரு விரிசல் கறுப்பாக எழும்பியது.

“அக்கா, இது மாதிரி இன்னும் நாலஞ்சு இருக்கு. எங்ககிட்ட மாத்து ஓடு இல்ல. சூப்பர்வைசர்கிட்ட நீங்க சொல்லுங்க, நாங்க சொன்னா எடுபடாது.”

நான் சொன்னேன். “சீலன்ட் பூசினாப் போதும்” என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தபோது ஒழுகியது அந்த இடத்தில்தான். அந்தத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. கூரையின் மேல் உண்மையில் கைவைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் பேசுங்கள், சொல்வதைக் கேளுங்கள். உங்கள் வீட்டு ஓட்டு வகையில் பத்துப் பதினைந்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய அச்சு ஓடு கிடைப்பது கடினம்.

அவர்கள் உயிர்காப்புக் கயிற்றை மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாட்டவில்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்ல வீட்டுக்காரர் தயங்கக் கூடாது. இடி இடிக்கும்போது கூரையில் யாரும் இருக்கக் கூடாது.

தகடு மூடுமுன் கொக்கி அடித்த ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு ஒழுகினால் இடத்தைக் கண்டுபிடிக்க அதுவே வழி. இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்ட விடாதீர்கள். படுக்கையறைச் சுவரின் மறுபக்கமும் வேண்டாம், பகலில் மெல்லிய ரீங்காரம் இருக்கும். வைஃபை அந்த இடத்தில் எட்டுகிறதா என்று கைப்பேசியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

8. இயங்கத் தொடங்கும் நாள்

மின்பணியாளர் நேரில் வந்து சோதிக்க வேண்டும். பிரதான சுவிட்சை அணைத்து, இன்வெர்ட்டரும் உடனே நிற்கிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் மாற்ற வேண்டியிருந்தால் எஸ்பி செய்யும். அன்றே வாங்க வேண்டிய தாள்கள்: ஒற்றைக்கோட்டு மின்வரைபடம், சோதனை அறிக்கை, பொறியாளர் கடிதம், எஸ்பிக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகல், தகடுகளின் வரிசை எண் பட்டியல், நான்கு உத்தரவாதங்களும் தனித்தனியாக, இன்வெர்ட்டர் செயலியில் உரிமையாளராக உங்கள் கணக்கு. கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். என் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், என் வீட்டு உற்பத்தியை நான் பார்க்க அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

9. முதல் இரண்டு பில்கள்

முதல் பில்லில் வரவு வராமல் போகலாம், பில் தேதியைப் பொறுத்தது. இரண்டாவதில் கட்டாயம் வர வேண்டும். செயலி காட்டும் மாத உற்பத்தியிலிருந்து பில் காட்டும் வெளியே போன யூனிட்டைக் கழியுங்கள். மீதி நீங்கள் பயன்படுத்தியது. அந்த எண் வீட்டு வழக்கத்துக்குப் பொருந்தவில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வரவு பில்லில் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தகடு போட்டதைத் தெரிவித்து, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பத்துப் பாகைக்கு மேல் சரிவு இருந்தால் மழையே தகட்டைக் கழுவிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். புறாவும் மைனாவும் தகட்டுக்கு அடியில் கூடு கட்டும், எச்சம் மழைநீர்க் குழாயை அடைக்கும். பறவை வலையைத் தகடு பொருத்தும்போதே போட்டுவிடுங்கள். நாங்கள் பிறகு போட்டோம். சாரத்துக்கு மறுபடி கூலி கொடுத்தோம்.

மாற்று ஓடு இன்னும் எட்டு, கார் நிறுத்துமிடத்து மூலையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த நவம்பருக்கு முன் ஒருமுறை ஆளை ஏற்றிப் பார்க்க வேண்டும்.